நினைவும் முதுமையும் பேசும் பொறியும்

1970ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிலே பிரெட்ரிக் கேர்ஸ்வைல் என்னும் இசைவல்லார் ஒருவர் இருதய நோயினாற் காலமானார். வியன்னாவிற் பிறந்த அவர் பியானோ வாசிப்பதிலும் வாத்தியக் குழுக்களை நெறிப்படுத்துவதிலும் தேர்ந்தவர். யூத குலத்தவராதலின், 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவினுட் புகுந்தபோது நாட்டைவிட்டுத் தப்பவேண்டியவரானார். முன்னொரு காலத்தில் அவருடைய இசை நிகழ்ச்சியொன்றைக் கேட்டு மகிழ்ந்திருந்த அமெரிக்கச் சீமாட்டி ஒருவர் பொறுப்பேற்று உதவியமையாலேயே அவருக்குக் கடல் கடக்கும் அனுமதி கிடைத்தது. ஒருநாட் கச்சேரி ஓர் உயிரைக் காத்தது எனலாம். அவ்வுயிரும் அறுபது வயதை எட்டுமுன்னரே பிரிந்தது. அப்பொழுது அவருடைய மகன் றே என்பாருக்கு வயது 22.

மகன் தந்தையின் பொருள்களுள் எதனையும் எறியவில்லை. கடிதங்கள், கச்சேரி நிரல்கள், விரிவுரைக் குறிப்புகள், கணக்குச் சீட்டுகள் எல்லாவற்றையும் பெட்டிகளில் இட்டுப் பேணினார். இத்தகைய பெட்டிகள் நம்மவர் வீடுகளிலும் இல்லாமலில்லை. பரணிலே ஒரு தகரப்பெட்டி. அதனுள்ளே தோம்பு உறுதிகளும் சாதக ஓலைகளும் மலாயாவிலிருந்து வந்த கடிதங்களும் கிடக்கும். ஒருவரும் எடுத்து வாசிப்பதில்லை. ஆயினும் எறிவதற்கும் மனம் வராது.

ஆனால் றே கேர்ஸ்வைல் சாதாரண மகனல்லர். 1965ஆம் ஆண்டிலே, பதினேழு வயதிலே, தாமே அமைத்த கணினி இயற்றிய இசையை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பியானோவில் வாசித்துக் காட்டியவர். 1976இல் அச்சிட்ட பக்கத்தைப் பார்வையற்றோருக்கு உரத்து வாசித்துக் காட்டும் பொறியை உருவாக்கியவர். 2012இல் கூகிள் நிறுவனத்திலே பொறியியற்றுறைப் பணிப்பாளராகச் சேர்ந்தவர். மரணம் என்பது வெல்லற்கரியது அன்று என்று மேடைதோறும் பேசிவந்த இவர், தந்தையின் பெட்டிகளைக் கொண்டு தந்தையையே பேசவைக்கலாம் என்று எண்ணினார். ஏறத்தாழ 2018ஆம் ஆண்டளவில் அவ்வெண்ணம் செயலாயிற்று.

இம்முயற்சியிலே அவருக்குத் துணைநின்றவர் மகள் ஏமி. இவர் கேலிச்சித்திரம் வரைவதிலே பெயர்பெற்றவர். பாட்டனார் இறந்து பல ஆண்டுகளின் பின்னர்ப் பிறந்தமையால், அவர் முகத்தையோ குரலையோ அறியாதவர். பாட்டனாரின் கையெழுத்தைக் கூர்ந்து கூர்ந்து வாசித்துக் கணினியில் எழுதிக் கொடுத்த வேலையில் இவருக்கும் பங்குண்டு. பின்னர் கணினியின் முன்னமர்ந்து, தாம் ஒருநாளும் காணாத பாட்டனாரிடம் கேள்விகளைக் கேட்டார். அவ்வனுபவத்தையும் மூன்று தலைமுறையின் வரலாற்றையும் ஒருங்கு சேர்த்து 2023இல் ஒரு சித்திர நூலாக வெளியிட்டார்.

இங்கே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கேர்ஸ்வைல் குடும்பத்தார் அமைத்த அந்தப் பொறி புதிய வாக்கியம் எதனையும் இயற்றவில்லை. கேள்விக்கு மிகப் பொருத்தமானது எது என்று ஆராய்ந்து, பாட்டனார் தம் கைப்பட எழுதிய வாக்கியங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது. ஆகவே, வந்த விடை கேள்விக்குச் சிலவேளை பொருந்தாதிருந்திருக்கலாம். ஆனால் அது அவருடைய சொல்லே. அதனைப் பேசும் பொறி என்பதிலும், மிகக் கெட்டித்தனமுள்ள ஒரு நூலகப் பொறுப்பாளர் என்பதே தகும்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் விளாஹோஸ் என்பவரும் இதுபோன்ற வேலையொன்றைச் செய்தார். 2016இலே அவர் தந்தைக்கு நுரையீரற் புற்றுநோய் முற்றிவிட்டது எனத் தெரியவந்தது. மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு அருகமர்ந்து, பிள்ளைப்பராயம் முதலாகத் தந்தை சொன்ன கதைகளையெல்லாம் பதிந்தார். எழுதிப் பார்த்தபோது தொண்ணூறாயிரம் சொற்களுக்கு மேல் வந்தன. அவற்றைக் கொண்டு அமைத்த உரையாடும் பொறியைத் தந்தையின் கண்முன்னரே இயக்கிக் காட்டவும் அவருக்கு வாய்த்தது. தந்தை 2017இன் தொடக்கத்தில் இறந்தார். இதிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பொறியன்று. சாகப்போகும் தகப்பனுடன் மகன் அமர்ந்து பேசிய அந்த மணித்தியாலங்களே. பொறி பழுதானாலும் அந்த நேரம் பழுதாகாது.

இன்றைய பொறிகள் இவற்றினின்றும் வேறுபட்டவை. 2017இலே கூகிள் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு புதுமுறையின் வழியாக வளர்ந்து, 2022 நவம்பரில் ‘சற் ஜீபீரி’ வெளிவந்ததோடு பாமரர் கைக்கும் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு, பழைய வாக்கியத்தைத் தேடியெடுத்துத் தருவதன்று. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இச்சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் என்று நிகழ்தகவு கணித்து, புதிது புதிதாக வாக்கியம் கோப்பது. இறந்தவரின் குரலைச் சில நிமிடப் பதிவிலிருந்து கற்றுக்கொண்டு, அவர் ஒருநாளும் சொல்லாததை அவர் குரலாலேயே சொல்லவும் இன்று இயலும். முன்னையது ஞாபகம், பின்னையது ஊகம். இரண்டும் ஒரே குரலில் வரும்போது கேட்பவருக்கு வேறுபாடு விளங்குவதில்லை.

மனிதருக்கு மட்டும் ஞாபகம் பெட்டியா?

இவ்விடத்திலே ஒரு தடை எழுப்பலாம். மனிதரின் ஞாபகமும் ஊகந்தானே என்று கேட்பவர் உளர். அவ்வாறு கேட்பது நியாயமே. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த உளநூலறிஞர் பிரெடெரிக் பாட்லெற் என்பார் 1932இல் வெளியிட்ட நூலிலே இதனை நன்கு காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதையொன்றை ஆங்கில மாணவரிடம் வாசிக்கக் கொடுத்து, பின்னர் பல இடைவெளிகளில் திரும்பச் சொல்லும்படி அவர் கேட்டார். கதை ஒவ்வொரு முறையும் சுருங்கிற்று. தமக்கு விளங்காத பகுதிகளை மாணவர் விட்டுவிட்டனர். பழங்குடியினரின் தோணி இங்கிலாந்துக்காரரின் படகாயிற்று. நினைவுகூர்தல் என்பது பெட்டியைத் திறந்து எடுப்பதன்று, கிடைத்த துண்டுகளைக் கொண்டு மீளக் கட்டுவதே என்பது அவர் முடிவு.

எனினும் வித்தியாசம் ஒன்றிருக்கின்றது. நம் வீடுகளிலே பெரியவர் ஒருவர் பழங்கதை சொல்லத் தொடங்கினால் அவரைத் தனியே சொல்லவிடுவார் எவருமில்லை. “அது புயலடிச்ச வருஷமல்லோ, அதுக்கு முந்தின வருஷம்” என்று திண்ணையிலிருந்து ஒருவர் திருத்துவார். “அந்த மாட்டை வித்தது உங்கடை ஐயா இல்லை, சின்னையா” என்று குசினியிலிருந்து மற்றொருவர் குரல் கொடுப்பார். ஒரு குடும்பத்தின் ஞாபகம் ஒருவர் தலையில் இருப்பதன்று. பலர் சண்டையிட்டுக் காப்பது. பொறியோடு யார் சண்டையிடுவார்? அது எதனையும் மறுத்தால் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொன்றை அதே உறுதியோடு சொல்கின்றது.

ஞாபகம் மூளையில் எங்கே உறைகின்றது என்பதையும் சிறிது அறிந்திருத்தல் நன்று. 1953ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் 27 வயது இளைஞர் ஒருவருக்குக் காக்கைவலிப்பைத் தணிக்கும் நோக்கோடு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தனர். கடற்குதிரையின் வடிவத்தை ஒத்திருத்தலால் அப்பெயராலேயே வைத்தியர் வழங்கும் ஓர் உறுப்பின் பெரும்பகுதி இருபுறத்தும் நீக்கப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய ஞாபகம் எதுவும் அவருள் நிலைக்கவில்லை. மொன்றியலைச் சேர்ந்த பிறெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடியிற் பார்த்து நட்சத்திர உருவொன்றை வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. ஒவ்வொரு நாளும் அதனை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நம்பினார். 2008இல் அவர் இறக்கும்வரை நிலைமை மாறவில்லை. கையின் ஞாபகம் வேறு, வாயாற் சொல்லும் ஞாபகம் வேறு என்பதை உலகம் அவரிடமிருந்தே தெளிவாகக் கற்றது.

முதுமையில் வரும் மறதிநோய்களுள் மிகுதியானது அல்ஸைமர் நோய். 1901இலே ஜேர்மனியின் பிராங்பேட் நகரத்து வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருவரைக் கொண்டுவந்தனர். கணவன் பெயரைக் கேட்டபோது தன் பெயரையே சொன்னார். தன் பெயரை எழுதத் தொடங்கி முடிக்கமாட்டாது நின்றார். அவரைப் பரிசோதித்த வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர், 1906இல் அப்பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்து கண்டவற்றை அதே ஆண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் கூட்டத்திலே விளக்கினார். அவையோர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1910இல் அவருடைய தலைமைப் பேராசிரியர் தமது பாடநூலிலே அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இலே உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதிநோயோடு வாழ்ந்தனர்.

இந்நோய் முதலிலே தாக்கும் இடங்களுள் அந்தக் கடற்குதிரை உறுப்பும் ஒன்று. ஆகையாற்றான் காலையில் உண்டது மறந்துபோக, ஐம்பது ஆண்டுக்கு முந்திய கலியாண வீட்டுப் பந்தல் கண்முன் நிற்கின்றது. அண்மையது முதலிலும் பழையது கடைசியிலும் அழியும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் றிபோ 1881இலேயே எழுதிவைத்தார். எங்கள் நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்; அத்தொகை ஏறிக்கொண்டே செல்கின்றது. பிள்ளைகளோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். (இடையில் ஒரு சொல்: காது மந்தமான முதியவரைப் பேசாமல் ஒதுக்கிவிடுவது மறதியை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று என இக்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. காதுக்குப் பூட்டும் கருவி வாங்கிக் கொடுப்பதைச் செலவென்று எண்ணவேண்டா.)

மாலை நேரத்துக் கேள்வி

வலிகாமத்திலே என் பெரியம்மா இருக்கிறார். வயது 84. அவருக்கும் பெரியப்பாவுக்கும் 1963இலே விவாகம் நிகழ்ந்தது. பெரியப்பா 2021இல் இறந்தார். அந்தச் செய்தி பெரியம்மாவின் மனத்தில் தங்கவில்லை. நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்திலே, “அவர் இன்னும் வரேல்லையோ?” என்று கேட்பார். மாலையில் மனக்கலக்கம் மிகுவது இந்நோயாளரிடத்துப் பொதுவாகக் காணப்படுவதே.

இக்கேள்விக்கு என்ன மறுமொழி சொல்வது? உண்மையைச் சொன்னால், அன்றுதான் தாலி அறுத்தவரைப் போல அழுகிறார். மறுநாள் மாலை மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே மரணம். ஒரு மனிசி எத்தனை தரம் விதவையாவது? கொழும்பிலிருந்து வந்துபோகும் மூத்த அண்ணர், எப்பாடுபட்டாயினும் தாயிடம் உண்மையே சொல்லவேண்டும் என்பார். கூடவிருந்து பராமரிக்கும் அக்காவோ, “சங்கக் கூட்டத்துக்குப் போட்டார் அம்மா, வந்திடுவார்” என்று சொல்லிச் சோறூட்டுவார். இருவரும் இதன்பொருட்டு மனத்தாங்கல் கொண்டதுமுண்டு. இந்நோயாளரைப் பராமரித்துப் பழகியோர், நடந்ததை வற்புறுத்தி நிறுவ முயலாது, கேள்வியின் பின்னாலுள்ள ஏக்கத்துக்கு மறுமொழி சொல்லவேண்டும் என்பார்கள். “அவரைத் தேடுதோ அம்மா? அவர் முதன்முதல் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லுங்கோ” என்றால் சிலநாட்களில் பேச்சுத் திரும்பிவிடும். சிலநாட்களில் திரும்பாது.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு என் பெறாமகன், அண்ணரின் இளைய பையன், ரொறன்ரோவிலிருந்து வந்தான். கணினித்துறை பயிலும் கெட்டிக்காரன். அப்பம்மாவில் உயிரையே வைத்திருப்பவன். பெரியப்பா உயிரோடிருந்த காலத்தில் வாட்ஸ்அப் மூலம் கனடாவுக்கு அனுப்பிய குரற்செய்திகள் பல அவனிடமிருந்தன. அவற்றை ஒரு நிறுவனத்தின் சேவைக்குக் கொடுத்து, அப்பப்பாவின் குரலிலே பேசும் ஒரு பொறியைக் கைத்தொலைபேசியில் ஆயத்தம் செய்து வந்திருந்தான். மாலையிலே அப்பம்மா தேடும்போது அப்பப்பாவே மறுமொழி சொல்லிவிட்டால் அவர் ஆறுதலாக உறங்குவார் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தைக் குறைகூற என்னால் இயலாது.

நாங்கள் எல்லோரும் விறாந்தையில் இருந்தோம். அவன் தொலைபேசியைப் பெரியம்மாவின் சாய்மனைக் கதிரையின் கையிலே வைத்தான். குரல் எழுந்தது. தொண்டையைச் செருமுவதுகூடப் பெரியப்பாவின் செருமலே; எனக்கு உடல் புல்லரித்தது. பெரியம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. “சாப்பிட்டியா? நீ கவலைப்படாதே, நான் சீக்கிரமே வந்துடறேன்” என்றது குரல்.

மலர்ந்த முகம் சுருங்கிற்று. பெரியம்மா தொலைபேசியை ஒருபுறம் தள்ளிவிட்டு, “ஆரடா இந்தப் பொடியன்? அவரை மாதிரிக் கதைக்கப் பாக்கிறான். அவர் என்னை நீ எண்டு ஒருநாளும் சொன்னதில்லை” என்றார்.

உண்மைதான். கணவன் மனைவியை ‘நீர்’ என்றும் ‘வாரும்’, ‘இரும்’ என்றும் விளிப்பது யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கு. ‘நீ’ என்பதிலும் உயர்ந்து, ‘நீங்கள்’ என்பதிலும் நெருங்கி, அன்பும் மதிப்பும் பாதிபாதியாய்க் கலந்த அச்சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் இக்காலத்தே பெரும்பாலும் அருகிவிட்டது. அந்தப் பொறி படித்த தமிழோ பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். பெற்ற பிள்ளைகளின் பெயரையே தடுமாறும் பெரியம்மாவுக்கு, ஐம்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தின் ஒற்றைச் சொல் மறக்கவில்லை. குரலில் ஏமாறியவர் சொல்லில் ஏமாறவில்லை.

“அதைத் திருத்தலாம், சித்தப்பா, எங்கடை பேச்சைப் பழக்கினால் சரி” என்றான் பையன். திருத்தலாந்தான். எனக்கு அச்சமூட்டியதும் அதுவே. திருத்திவிட்டால் பெரியம்மா நம்பிவிடுவாரே! ‘வருகிறேன்’ என்று அவர் கணவன் குரலே சொன்னபின் படலையடியிற் போய் நிற்கமாட்டாரா? அவர் வரட்டும் என்று சோற்றைத் தள்ளிவைக்கமாட்டாரா? குளிகையை விழுங்கு என்று சொல்லும் அதே குரல், நாளை வேறொருவர் கையிலே உறுதியில் ஒப்பமிடச் சொன்னால் என்செய்வது? இது வீண் பயமன்று. உறவினரின் குரலைப் போலியாக அமைத்து, ‘ஆபத்தில் இருக்கிறேன், பணம் அனுப்பு’ என்று முதியோரை ஏய்க்கும் மோசடியைப் பற்றி அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2023இலேயே எச்சரித்தது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்தும், வெளிநாட்டுப் பிள்ளைக்காகப் பதைத்தும் வாழும் எங்களிடையே இது எளிதிற் பலிக்கும். தொலைபேசியில் அவசரமாகப் பணம் கேட்டால், வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லைக் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கத்தை இன்றே ஏற்படுத்திக்கொள்வது நன்று.

அன்றைய விவாதத்தை முடித்தவர் அக்கா. அவர் பட்டதாரியல்லர், கணினியும் அறியார். “தம்பி, பொய் சொல்லத்தான் வேணுமெண்டால் அதை நான் சொல்லுறன். செத்துப்போன ஐயாவைக் கொண்டு சொல்லப் பண்ணாதை” என்றார். நோயாளியின் துயரைத் தணிக்க உயிரோடிருக்கும் மகள் சொல்லும் பொய்க்கு மகள் பொறுப்பாளி. பயன் தராவிடின் நாளை வேறு சொல்வார், பலன் கண்டு வருந்தவும் செய்வார். இறந்தவர் வாயில் இட்ட சொல்லுக்கு யார் பொறுப்பு? பெரியப்பாவிடம் சம்மதம் கேட்டவர் எவருமில்லை. விளாஹோசின் தந்தை தம் பொறியைத் தாமே கண்டார். பெரியப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. பையன் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, அந்தப் பொறியை அன்றிரவே அழித்தான். அழிக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் அது அப்பப்பாவின் குரல் அல்லவா?

கடல்நாய்க் குட்டி

மனிதர் பொறியோடு நெஞ்சைப் பறிகொடுப்பது புதிதன்று. 1966இலே மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், ‘எலைசா’ என்னும் உரையாடும் நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். நாம் சொல்வதையே சிறிது மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்கு ஒன்றுந் தெரியாது. அது அமைக்கப்படுவதை நாள்தோறும் பார்த்திருந்த அவருடைய காரியதரிசியே, அதனோடு தனித்துப் பேசவேண்டும், நீங்கள் சற்று வெளியே செல்லுங்கள் என்று அவரிடம் கேட்டாராம். அதனாற் கலக்கமுற்ற வைசன்பாம், பிற்காலத்திலே கணினியிடம் ஒப்படைக்கத் தகாத வேலைகள் எவை என்பதைப் பற்றியே அதிகம் பேசினார். அவரும் சிறுவயதிலே ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பியோடிய குடும்பத்தவரே.

ஆயினும் முதியோருக்குப் பொறியே வேண்டாம் என்பது என் கட்சியன்று. ஜப்பானிய அறிஞர் ஷிபாத்தா தக்கனோரி என்பார் ‘பாரோ’ என்னும் பொறிக் கடல்நாய்க் குட்டியொன்றை அமைத்தார். வெண்மயிர் போர்த்த அக்குட்டி தடவினாற் கண்மூடும், கூப்பிட்டால் தலைதிருப்பும், குட்டிக் கடல்நாயின் குரலில் முனகும். 2009இலே அமெரிக்காவில் அதனை வைத்திய உபகரணமாகவும் ஏற்றுக்கொண்டனர். மறதிநோயாளர் அதனை மடியில் வைத்து அமைதியடைகின்றனர். பூனையையோ நாயையோ அமைக்காது கடல்நாயை ஏன் அமைத்தார்? பூனையென்றால் மக்கள் உண்மைப் பூனையோடு ஒப்பிட்டுக் குறைகாண்பர். கடல்நாயை வீட்டில் வளர்த்தவர் யார்? கணவன் குரலை அமைக்கப் புகுந்தவர் இந்த நுட்பத்தைக் கருதியிருந்தால் பெரியம்மாவிடம் அகப்பட்டிருக்கமாட்டார். அன்றியும் அக்குட்டி கடல்நாய்க்குட்டி என்பதற்கு மேலாகத் தன்னை வேறெதுவாகவும் சொல்லிக்கொள்வதில்லை. மருந்து வேளையை நினைவூட்டும் பொறி, கடிதத்தை வாசித்துக் காட்டும் பொறி, பேரனின் முகத்தைத் திரையில் காட்டும் பொறி ஆகியவையும் இவ்வகையினவே. அவற்றை நான் வரவேற்கிறேன்.

பையன் கனடாவுக்குத் திரும்பியபின் வேறொரு வேலையைத் தொடங்கினான். பெரியப்பாவின் உண்மையான குரற்செய்திகளை ஒன்றுவிடாது திரட்டி, நாளிட்டு ஒழுங்குபடுத்தினான். அவற்றுள் ஒன்று ரொறன்ரோவின் பனியைப் பற்றி விசாரித்துவிட்டு, அம்மா பக்கத்தில் இருக்கிறா, சுகமாய் இருக்கிறா என்று முடிவது. அதனை அக்கா சில மாலைகளில் போட்டுக் காட்டுவார். பெரியம்மா கேட்டுவிட்டு, “ஓம், நான் சுகமாய்த்தான் இருக்கிறன்” என்பார்.

செய்திகளை எழுத்தாக்குவதற்குப் பையன் செயற்கை நுண்ணறிவையே ஏவினான். அங்கேதான் வேடிக்கை. பெரியப்பா தாம் பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்ன இடத்தில், ‘எங்கடை வீட்டுச் சங்கடப்படலை’ என்றிருந்தது. வழிப்போக்கர் இருந்து இளைப்பாறக் கூரையிட்டுத் திண்ணை வைத்துக் கட்டும் வாயில் அது. இன்று யாழ்ப்பாணத்திலே மிகச் சிலவே எஞ்சியுள்ளன. பொறியோ, ‘எங்கள் வீட்டில் சங்கடப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தது! கிணற்றுத் துலாவைத் தாங்கும் ‘ஆடுகால்’ அதற்கு ‘ஆட்டுக்கால்’ ஆயிற்று. கேலி செய்து பயனில்லை. அச்சொற்களை நாம் பதிந்துவைத்திருந்தாலல்லவா பொறி கற்கும்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன என்று நெஞ்சடித்துக்கொள்ளும் நாம், பேசும் நூலகங்கள் திண்ணைதோறும் மெல்ல மெல்ல மௌனமாவதைக் கவனிப்பதில்லை. 2005இலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் திரட்டி யாவருக்கும் இலவசமாகத் தருகின்றது. நூலிலே ஏறாத சொற்களை வீட்டார்தாம் திரட்டவேண்டும்.

என் வகுப்பு மாணவர்களிடம் இதனை ஒரு பயிற்சியாகவே கொடுத்துள்ளேன். தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, பெரியவரின் சம்மதத்தோடு கேட்கவேண்டும். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒருவரும் சொல்லார். வளவுகளின் பெயர் என்ன, முதற் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், இடம்பெயர்ந்த இரவில் எதனை எடுத்தீர்கள், எதனை விட்டீர்கள் என்று கேட்டால் நிறுத்தமாட்டார்கள். மறுத்தால் விட்டுவிடவேண்டும், சொல்ல விரும்பாத ஞாபகமும் அவரவர் சொத்து.

சென்ற மாதம் பையன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். அப்பப்பாவின் பேச்சிலே அவனுக்கும் பொறிக்கும் விளங்காத சொற்கள் நாற்பது வரையில் அதிலிருந்தன. முப்பதுக்கு மேற்பட்டவற்றை நான் விளக்கி எழுதினேன். ‘அச்சுலக்கை’ என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேனேயன்றி, அது துலாவில் எவ்விடத்தில் எவ்வாறு பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. பெரியம்மாவிடம் கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் ஆடுகால்களாக நிறுத்தி, அக்காவின் அகப்பைக் காம்பைக் குறுக்கே வைக்கச் சொல்லி, துலா அதன்மேல் எப்படி ஏறியிறங்கும் என்று காட்டினார்.